முப்பத்தொன்றாம் எண்

மேக்ரி சர்க்கிள் தாண்டி, மழைமரங்களுக்குப் பின்னால்
சன்னல் இல்லாத அறையில்
நான் பனி செய்கிறேன்.

கட்டைவிரல் நகம் அளவு தங்கத் தகடு.
பத்து கெல்வின்.
கம்ப்ரஸர் நாள் முழுக்க
ஆஸ்துமாக்காரர் போல மூச்சு இழுக்கும்.
தகட்டில் கார்பன் மோனாக்சைடை ஊதினால்
படியும், கண்ணுக்குத் தெரியாது.
அதன் மேல் ஹைட்ரஜன், ஒற்றை ஒற்றையாக.
அந்தக் குளிரிலும் நடமாடத் தெரிந்தது அது ஒன்றுதான்;
ஏற முடியாத மேட்டைக் குடைந்துகொண்டு போகும்.
ஒன்று ஒட்டும். பிறகு இன்னொன்று.
இரண்டாம் படியில் ஃபார்மால்டிஹைட்,
நான்காம் படியில் மெத்தனால்.

விருச்சிகத்துக்கு மேலே ஒரு புழுதி மூட்டத்திலும்
இதே நாலு படிதான்.
அங்கே தகடு இல்லை, தூசி.
நடுவில் ஒரு நட்சத்திரம், இன்னும் சரியாகப் பற்றவில்லை.
ஈர விறகு.
ஆனால் கதகதப்பு பரவுகிறது,
நூறு கெல்வின் தாண்டியதும்
தூசி தன் பனிச் சட்டையைக் கழற்றுகிறது.
இந்த ஊர் மண்கோட்டையாக இருந்தபோது கிளம்பிய அலை
இப்போது என் திரையில்
முள்வேலி போலக் கோடு கோடாக நிற்கிறது.
சர்க்கரைக்கு ஒரு சின்னத் தங்கை.
வினிகருக்கு ஒரு பங்காளி, அதே அணுக்கள், வேறு குடித்தனம்.
எறும்பு கடித்த இடத்தில் எரியுமே, அந்த அமிலம்.
இத்தனைக்கும் மூத்தது மெத்தனால்.

கட்டுரையில் அதைத் 'தாய்' என்று எழுதச் சொன்னார் பேராசிரியர்.
எழுதினேன். இரவில் அடித்துவிட்டு
'முன்னோடி மூலக்கூறு' என்று போட்டேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் சந்தில் சவரிமுத்து இருக்கிறார்.
பெயின்டர். இருந்தார்.
பதினோரு வருஷம் முன்னால், பீன்யா பக்கம் ஒரு ஷெட்டுக்கு
இரண்டாம் கோட் முடிந்த சனிக்கிழமை,
யாரோ வாங்கி வந்த பாக்கெட்.
மூன்று பேர் திங்களைப் பார்க்கவில்லை.
இவர் மறுநாள் மத்தியானம் எழுந்து
'யாருப்பா வெள்ளை அடிச்சது,
எல்லாம் பனியா இருக்கு' என்றாராம்.
அதற்குப் பிறகு அதுவும் போய்விட்டது.

ஈரலுக்கும் அந்தப் படிக்கட்டு தெரியும்.
ஆனால் அது இறங்கும்:
மெத்தனால், ஃபார்மால்டிஹைட்,
அப்புறம் எறும்பின் அமிலம், கண் நரம்பில்.

நேற்று ஹீட்டரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றினேன்.
நூற்று முப்பதுக்குப் பக்கத்தில்
முப்பத்தொன்றாம் எண்ணில் ஒரு மேடு எழுந்தது.
உடைந்த மெத்தனாலின் கைரேகை.
எல்லாரும் கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன், இரண்டு வருஷ வேலை அது.

சாயங்காலம் டீக்கடையில் அவர் கேட்டார்:
'உங்க லேப்ல என்னதான் செய்யுறீங்க, இந்துமதி?'
சர்க்கரையில் ஆரம்பித்தேன்.
வினிகர் சொன்னேன். எறும்பு சொன்னேன்.
'வேற?' என்றார்.
கண்ணாடிக் குவளை சுட்டது, கை மாற்றினேன்.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
மெட்ரோ ஒன்று தலைக்கு மேல் போனது.
பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்:
'அங்கயும் போய்க் கடை போட்டுட்டானுங்களா!'

'எவ்வளவு இருக்கும்?'
நம்ம கடல் எல்லாம் சேர்த்தாலும் மிஞ்சும் என்றேன்.
'குடிக்க ஆள்?'
இல்லை.
'அப்ப சரி. சும்னே இருக்கட்டும்.'

டீக்கு அவர்தான் கொடுத்தார்.
நாணயங்களை விளிம்பு தடவித் தடவி
ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.
கடைக்காரர் திருப்பி எண்ணவில்லை.